தவமணி போட்ட முடிச்சு

சுவரில் தொங்கிய கலண்டருக்கு நேரே நின்று தவமணி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, பதினெட்டுப் படி ஏறி வரவேண்டிய என் சின்னக் கடையில் அப்போது எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. போட்டோகொப்பி மெஷினின் சூட்டு வாசனையும், அவளுடைய ஈரத் துணியில் ஏறியிருந்த பச்சைத் தேயிலைக் கொழுந்து வாசனையும் கடைக்குள் கலந்து நின்றன.

ஒரு மாதமாக அவளிடம் மறைத்து வைத்திருந்த விஷயத்தைச் சற்று முன்தான் சொல்லி முடித்திருந்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவளோ கலண்டரைப் பார்க்கப் போய்விட்டாள்.

“அக்கா, நீங்க தப்பா எண்ணிட்டீங்க.”

“இல்ல புள்ள, மூணு தடவ பார்த்துட்டேன். வர்ற திங்கக்கெழமதான் கடைசி நாள். அன்னைக்கு வெள்ளென போயிருவோம்.”

“நீங்க படத்தப் போட்டது ஞாயித்துக்கெழம. நாங்க சாமி கும்பிட்டது வெள்ளிக்கெழமல்ல?”

நானும் கலண்டருக்குப் பக்கத்தில் போய் எண்ணினேன்.

விஷயம் இதுதான். தவமணி ஒரு பொருளைக் கண்டுபிடித்திருந்தாள். அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்க இருந்தோம். ஆனால் அந்தப் பொருளை அவள் ஏற்கெனவே ஊருக்கு முன்னால் செய்து காட்டிவிட்டாள். அப்படித் தன் பொருளைத் தானே காட்டியவருக்குச் சட்டம் ஒரு வருடம் பொறுத்துக்கொள்கிறது. அந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நாள் தவறினால் அது யாரும் எப்படியும் செய்து விற்கலாம் என்ற பொதுச் சொத்தாகிவிடும்.

நான் படத்தை இணையத்தில் போட்ட நாளிலிருந்து எண்ணியிருந்தேன். அவள் காட்டிய நாளிலிருந்து எண்ணச் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி. அந்தக் கணக்குப்படி வருடம் முடிவது சனிக்கிழமை. சனிக்கிழமை கொழும்புக் காப்புரிமை அலுவலகம் பூட்டு.

ஆக, எங்களுக்கு மிஞ்சியிருந்தது மறுநாள் மட்டும்.

மாரியாயியின் கூடை

தவமணியும், ரோசலின் என்ற நானும், தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் வளர்ந்தவர்கள். வட்டவளைக்குக் கீழே உள்ள ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். நான் படித்து, டவுனுக்கு வந்து, விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை போட்டேன். என்னைவிட ஆறு வயது இளையவளான அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்று மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனாள். நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் சாமி கும்பிடுகிறவர்கள். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக் கேக்கும் தீபாவளிக்கு அவர்கள் வீட்டு முறுக்கும் சுவரைத் தாண்டிப் போய் வரும்.

அவளோடு பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர் மாரியாயி. ஒரு நாள் குளவி கிளம்பியது. மலையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் இருக்கும். தலையில் போட்ட கொங்காணித் துணியின் மேல் அந்தக் கயிறு அழுத்தி உட்கார்ந்திருக்கும். குளவி வந்தால் முதலில் கயிற்றைத் தலையிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு கூடையை விட வேண்டும். பிறகு எதையாவது இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும், நேரமும் வேண்டும். மாரியாயிக்குக் கயிறு கொண்டையில் சிக்கிக்கொண்டது. பாதிக் கூடை கொழுந்தோடு ஓடப் பார்த்தார். ஓட முடியவில்லை; பிழைக்கவும் இல்லை.

“நான் இடுப்புல கட்டியிருந்த படங்குச் சீட்ட இழுத்து மூடிக்கிட்டுக் கெடந்தேன் அக்கா. அவங்க கத்துறது கேட்டுச்சு. நான் எந்திரிக்கல” என்று தவமணி ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. தைக்க ஆரம்பித்தாள்.

கொசு கடிக்காமல் கட்டும் நுளம்பு வலைத் துணியை மடித்துக் கொங்காணிக்குள் தைத்தாள். வலையின் அடி ஓரத்தில் ஓடைக் கூழாங்கற்களை வைத்துத் தைத்தாள், பாரத்தில் அது சட்டென்று கீழே இறங்கட்டும் என்று. கூடைக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டாள். இடது தோளுக்குப் பக்கத்தில் ஒரு வார் தொங்கும். அதை ஒருமுறை இழுத்தால் போதும். முடிச்சு அவிழ்ந்து கூடை பின்னால் விழும். அதே இழுப்பில் வலை உடம்பைச் சுற்றி இறங்கும். அப்படியே குந்தி உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

முடிச்சில்தான் எல்லாமே இருந்தது. கூடை விழாமல் வலை மட்டும் இறங்கினால் கூடைக்கும் முதுகுக்கும் நடுவே இடைவெளி விடும். அதற்குள் ஒரு குளவி புகுந்தால் போதும். எத்தனை முடிச்சுப் போட்டு, எத்தனை தடவை நனைத்து, எத்தனை தடவை இழுத்துப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ரோசலின் போட்ட படம்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கவ்வாத்துக் கத்தியோ கொழுந்துக் கூடையோ, புதிதாக ஒன்று மலைக்கு வந்தால் முதலில் கொழுந்துச்சாமிக்கு முன் வைத்துக் கும்பிடுவார்கள். சாமி என்றால் கோயில் இல்லை. மலை நடுவே ஒரு மரத்தடியில் மஞ்சள் பூசிய கல். வெள்ளிக்கிழமைதான் பூசை. சாமிக்குக் காட்டாத சாமானைக் கட்டிக்கொண்டு தவமணி நிரைக்குள் இறங்கமாட்டாள். நான் எவ்வளவு கேலி செய்தாலும் இறங்கமாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டு முடிந்து அந்த மலைக்கு வந்த பொம்பளைகள் எல்லாரும் நின்றார்கள். கங்காணி நின்றார். ரோட்டில் போன இரண்டு வெளியாட்களும் நின்று பார்த்தார்கள். தவமணி கல்லுக்கு முன்னால் கூடையை மாட்டிக்கொண்டு நின்று வாரை இழுத்தாள். கூடை தொப்பென்று விழுந்தது. வலை இறங்கியது. அவள் உட்கார்ந்தாள். பொம்பளைகள் குலவை போட்டார்கள்.

நான் போனில் வீடியோப் படம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அதற்கு ஒரு பாட்டைச் சேர்த்து, முன்னும் பின்னும் வெட்டி, என் கடையின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். பெருமைதான். வேறென்ன. பிறகு மறந்தும் போனேன்.

மாதங்கள் போயின. டவுனில் படங்கும் றப்பர் சீட்டும் விற்கும் ஒருவர் தவமணியைத் தேடித் தோட்டத்துக்குப் போனார். “போன்ல பார்த்தேன் தங்கச்சி, நல்ல சாமான்” என்று சொல்லி, மாதிரிக்கு ஒன்று கேட்டார். அவள் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து அவருடைய கடை வாசலில் அதே போல் பத்து தொங்கின. முடிச்சு இல்லை. அதற்குப் பதிலாகப் பைகளில் வரும் பிளாஸ்டிக் கொக்கி.

தவமணி ஒன்றை வாங்கிவந்து லயத்து வாசலில் இழுத்துப் பார்த்தாள். முதல் தடவை நன்றாக விழுந்தது. இரண்டாம் தடவையும் விழுந்தது. வாசல் பீலியில் வழியும் தண்ணீரில் நனைத்து இழுத்த மூன்றாம் தடவை வலை இறங்கியது, கூடை விழவில்லை.

அன்றுதான் என் கடைக்கு வந்தாள்.

“அவரு விக்கட்டும் அக்கா. எனக்கு அது வேணாம். ஆனா இத யாரு தச்சாலும் முடிச்ச மாத்தக்கூடாதுன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு பாத்தியத வேணும். அதுக்கு என்ன பாரம் நெரப்பணும்?”

ஆயிரம் பாரம் நிரப்பியவள் நான். இந்தப் பாரத்தை நான் கண்ணால் கண்டதில்லை. ஒப்புக்கொண்டேன்.

“போன்ல பார்த்தேன்” என்று அந்தக் கடைக்காரர் சொன்னதையும் அவள் என்னிடம் சொல்லத்தான் செய்தாள். யாருடைய போனில், எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

அப்பாவின் நாலு வருடம்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். நான் எழுதிவரும் இந்தத் தொடரின் ஆரம்பத்தில் அதைத் தொட்டுவிட்டுப் போனேன். இரண்டு வாசகர்கள் ஏன் பாதியில் விட்டீர்கள் என்று எழுதியிருந்தார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் நிரப்பிய முதல் விண்ணப்பம் என் அப்பாவுடையது. எட்டாம் வகுப்புப் படித்தேன். லயத்தில் சிங்களமும் இங்கிலிஷும் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற தலைக்கனம் வேறு. அடையாள அட்டைக்கான பாரத்தில் அப்பாவின் பிறந்த வருடத்தை எழுதும்போது ஒரு எண்ணைத் தவறாக எழுதிவிட்டேன். காகிதத்தில் அப்பா நாலு வயது இளையவர் ஆகிவிட்டார்.

யாரும் கவனிக்கவில்லை. அவருடைய வயதுக்காரர்கள் ஓய்வு பெற்று வேலையிலிருந்து நின்றபோதுதான் தெரிந்தது. அவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அப்பா மட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலை ஏறினார். “எனக்கு இன்னும் வயசாகலன்னு பேப்பர்ல போட்டிருக்குல்ல” என்பார். முழங்கால் வீங்கியிருக்கும். நாலு வருடம் ஏறினார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து யாருடைய பாரமாக இருந்தாலும் தேதியை மூன்று தடவை பார்ப்பேன். அப்படிப் பார்த்தும்தான் தவமணிக்குத் திங்கட்கிழமை என்று சொன்னேன்.

கழுத்துக்கு நம்பர் பதினாலு

விண்ணப்பிக்கும் முன் தேட வேண்டும். இதே பொருளை உலகத்தில் வேறு யாராவது ஏற்கெனவே செய்து பதிந்திருந்தால் நம் விண்ணப்பம் செல்லாது. கொழும்பு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். சிங்களத்தில் பொறுமையாகப் பேசிய ஓர் அம்மா எடுத்தார். காப்புரிமைப் பத்திரங்களை இலவசமாகப் பார்க்கக்கூடிய தளங்கள் இருக்கின்றன, முதலில் நீங்களே தேடிவிட்டு வாருங்கள் என்றார்.

கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் தேடினேன். முதலில் வலை, தொப்பி என்று இங்கிலிஷில் போட்டேன். தேனீ வளர்ப்பவர்களின் தொப்பி நூற்றுக்கணக்கில் வந்து கொட்டியது. கூடை என்று போட்டேன். கடைக்குப் போகும் கூடை, துணி துவைக்கும் கூடை, சைக்கிள் கூடை, நாய்க்குட்டி படுக்கும் கூடை. இப்படி முந்நூறு பக்கம் பார்த்தால் கண்ணும் போகும், கடையும் போகும் என்று திரும்பவும் போன் போட்டேன்.

“பேரை வச்சுத் தேடாதீங்க. அது செய்ற வேலையை வச்சுத் தேடுங்க” என்றார் அந்த அம்மா.

அது சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய ஒன்று. ஒரே இழுப்பில் சுமை விழ வேண்டும், மறைப்பு இறங்க வேண்டும். அதைப் பத்து விதமாக எழுதி எழுதித் தேடினேன். மலையேறுகிறவர்களின் பை வந்தது. தீயணைப்புக்காரர்களின் பை வந்தது. பை விழும், வலை இருக்காது. வலை இருக்கும் இடத்தில் பை இருக்காது. ஒவ்வொரு பத்திரத்தையும் திறக்கும்போது இதுதானோ என்று இருக்கும். இல்லை என்று தெரிந்ததும் அப்பாடா என்று இருக்கும். பிறகு அடுத்தது.

தவமணி சில நாள் வேலை முடிந்து வந்து பக்கத்து ஸ்டூலில் உட்காருவாள். அந்தப் பத்திரங்களில் வரும் படங்களில் மனிதர்களுக்கு முகம் இருக்காது. உடம்பின் ஒவ்வோர் இடத்துக்கும் கோடு இழுத்து ஓர் எண் போட்டிருப்பார்கள்.

“இந்த ஆளுக்குக் கழுத்து நம்பர் பதினாலாக்கா?”

“ஆமா.”

“எங்களுக்கு முழு ஆளுக்கும் சேத்து ஒரே நம்பர்தான் போடுவாங்க, பேர் பதியுற செக்றோல்ல.”

சிரித்தோம். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஜப்பான் பத்திரம் ஒன்று வந்து விழுந்தது. படத்தில் தேயிலைச் செடி. செடிக்குப் பக்கத்தில் ஒரு பெண். தலையிலிருந்து வலை. உடம்பில் கூடை. கூடையிலிருந்து ஒரு கயிறு.

மெஷின் மொழிபெயர்த்த அரைகுறை இங்கிலிஷைப் பத்தி பத்தியாகப் படித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. வாசலில் யாரோ போட்டோகொப்பி கேட்டார்கள். நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தவமணி வந்தாள். திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

குனிந்து பார்த்தாள்.

“கூடைய இடுப்புலதானே கட்டியிருக்கு. தலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லயே. இந்தக் கயிறு வெயிலுக்கு வலையச் சுருட்டி வைக்கிற கயிறு. நம்ம தொந்தரவே இந்தப் பொம்பளைக்கு இல்லக்கா.”

எனக்கு ஒன்றரை மணி நேரம். அவளுக்கு ஒரு பார்வை.

தமிழில் தேடியபோது

மூன்றாம் தடவை போன் செய்தபோது அந்த அம்மா இன்னொன்று சொன்னார். காப்புரிமைப் பத்திரம் மட்டும் பார்த்தால் போதாது. புத்தகம், பத்திரிகை, கண்காட்சி, இணையத்தில் போட்ட படம், எதுவாக இருந்தாலும் சரி. பொது மக்கள் பார்க்கும்படி எங்காவது வந்திருந்தால் அதுவும் கணக்கு.

அதுவரை நான் தேடியதெல்லாம் இங்கிலிஷில். அன்று ஏதோ ஓர் எண்ணத்தில் தமிழில் போட்டேன். குளவி, வலை, கொழுந்துக் கூடை. நாலே சொல்.

முதலாவதாக வந்தது என் கடையின் பெயர்.

திறந்தேன். கூடை விழுந்தது, வலை இறங்கியது, குலவை கேட்டது. என் கண்ணில் படாமல் எங்கேயாவது இருந்துவிடக் கூடாதே என்று உலகம் முழுக்க நான் துழாவிய பொருள், என் கடையின் பெயரோடு, நான் சேர்த்த பாட்டோடு, அங்கே இருந்தது. இனி காப்புரிமை இல்லை, நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். வாய்விட்டு அழ வேண்டும் போல் இருந்தது. ஆனால் அழவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்யப் போனேன்.

அழிக்கிற இடத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். ‘நிச்சயமாகவா’ என்று கேட்டது. மத்தியானம், நல்ல மழை. கடையில் யாரும் இல்லை. ஒரு தட்டுத் தட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது.

அந்த நிமிடம் கரண்ட் போனது.

மனசாட்சி தடுத்தது என்று எழுத ஆசைதான். தடுத்தது மின்சார சபை. திரும்பக் கரண்ட் வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் எனக்குத் தைரியம் போய்விட்டது. ஆனால் தவமணியிடம் சொல்லும் தைரியமும் வரவில்லை. “இன்னும் தேடுறேன் புள்ள” என்றே ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் நம்பிக் கொண்டைக்கடலையும் வாழைப்பழமும் கொண்டுவந்து தந்தாள், தேடிக் களைத்தவளுக்கு.

பிறகு அந்த வியாழக்கிழமை காலை அவளிடமிருந்து போன். மலையிலிருந்து பேசினாள், காற்றுச் சத்தம் கேட்டது.

“அக்கா, அந்தக் கடைக்காரர்கிட்ட எங்க தோட்டத்துத் தொர அம்பது வாங்கப் போறாராம். எங்களுக்குக் குடுக்க. பிளாஸ்டிக் கொக்கி வச்சதுதான். அந்தத் தேடுறது சீக்கிரம் முடியுமாக்கா?”

ஐம்பது பேர் தலையில் அந்தக் கொக்கி. போனை வைத்ததும் கொழும்பு எண்ணை அழுத்தினேன். வேறு யாருக்காகவோ கேட்பது போல் கேட்டேன். “ஒருத்தங்க தன் சாமானைத் தானே காட்டிப் படமும் வந்திருச்சுன்னா, அவ்வளவுதானா மிஸ்?”

“எப்போ காட்டினாங்க?” என்றார். ஒரு வருடச் சலுகையைப் பற்றி அப்போதுதான் சொன்னார்.

படம் ஏற்றிய தேதியைப் பார்த்தேன். திங்கட்கிழமை வரை நேரம் இருந்தது. தவமணியை உடனே வரச் சொன்னேன். அரை நாள் வேலையோடு, நனைந்துகொண்டு வந்தாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை, ஒரு மாதம் மறைத்ததை, அழிக்கப் போனதை.

அவள் கண் விரியப் பார்த்தாள்.

“அந்தப் படமா? அது எங்க லயத்துல எல்லார் போன்லயும் இருக்கே. அத நான் தெனம் பாக்குறேன். இதத்தான் தேடுறீங்கன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே காட்டியிருப்பேனேக்கா.”

சொல்லிவிட்டுத்தான் கலண்டருக்குக் கீழே போய் நின்றாள்.

மூன்று மணிக்குள்

கொழும்பு அம்மாவுக்கு அன்று இரண்டாவது போன். “நாளைக்கு மூணு மணிக்குள்ள வாங்க. அதுக்கு மேல என்னால ஒன்றும் செய்ய முடியாது” என்றார்.

மாலைக்குள் எல்லாம் எழுதியாக வேண்டும். விளக்கம் ஏற்கெனவே தட்டியிருந்தேன். படங்களைத் தவமணியே தன் மகளின் சித்திரக் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கீறி வரைந்திருந்தாள். கழுத்துக்கு எண் போட்டிருந்தாள், பதினாலு. கடைசியாக, எதற்கு உரிமை கேட்கிறோம் என்பதை ஒரே வசனத்தில் எழுத வேண்டும். நான் அரைப் பக்கம் எழுதினேன். அவள் கேட்டுவிட்டு இல்லை என்று தலையாட்டினாள்.

“ஒரே இழுப்புல கூடையும் விழணும், வலையும் எறங்கணும். ரெண்டையும் ஒரு முடிச்சு பிடிச்சிருக்கணும். அவ்வளவுதானே?”

அதையே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் ஹட்டனில் ஏறினேன். வட்டவளையில் அவள் நிற்பாளா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நின்றாள், ஒரு கடைப் பைக்குள் அந்தப் பொருளை மடித்து வைத்துக்கொண்டு. கினிகத்தேனைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பஸ் நின்றது. ஒன்பது மணி ஆனது. ஒன்பதரை. நான் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, நடத்துநரிடம் நாலு தடவை கேட்டு அவருடைய வெறுப்பைச் சம்பாதித்தேன். பத்தரைக்குத்தான் ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள்.

தவமணி வழியெல்லாம் பையை மடியில் வைத்து வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முழங்கால் என் நினைவில் வந்துகொண்டே இருந்தது. இவளுக்கும் ஒரு தேதியைப் பிழையாக்கிவிட்டால், அதற்குப் பிறகு நான் எந்தப் பாரத்தையும் தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் அலுவலகப் படி ஏறியபோது சுவர் மணிக்கூட்டில் இரண்டு இருபது.

கடைசி ஏழு விநாடி

போனில் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரர் கண்ணாடி போட்ட, ஒல்லியான அம்மா. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேடிக் கண்டவற்றின் பட்டியலைப் பார்த்தார். ஜப்பான் பத்திரம் இருந்தது. கடைசியில் என் கடையின் பெயரோடு அந்தப் படம் இருந்தது.

“இதை ஏத்தினது விண்ணப்பதாரரா?”

“இல்ல மிஸ். நான்.”

“அவங்க சொல்லியா? சொல்லாமலா? சொல்லி ஏத்தினாத்தான் அவங்களே காட்டினதா எடுக்கலாம்.”

எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது. அந்த மொழியில் எனக்குத் தடுமாற்றமே கிடையாது. அன்று சொல் தேட வேண்டியிருந்தது. நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா, பொய் சொல்லலாமா என்று நான் நிற்கையில் தவமணி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் முந்திக்கொண்டாள்.

“நான்தான் மிஸ் அனுப்பச் சொன்னேன்.”

என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “அதுக்கு ஏதாவது இருக்கா?” என்றார்.

தவமணி என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்க வெட்டாத படம் போன்ல இருக்குல்ல? அதுல நான் பேசுனேனே.”

இருந்தது. தேடி எடுத்தேன். வலை இறங்குகிறது, குலவை, சிரிப்பு. நான் வெட்டிய இடம் வந்தது. வெட்டியதற்கு அப்பால் நான் ஒரு வருடமாகப் பார்க்காத ஏழு விநாடி. வலைக்குள்ளிருந்து, முகம் தெரியாமல், மூச்சு வாங்க, தவமணியின் குரல்.

“இதப் பாக்குற அக்கா தங்கச்சிங்க எல்லாரும் கட்டிக்குங்க. மத்த தோட்டத்துக்கும் அனுப்புங்க. முடிச்ச மட்டும் மாத்திப்புடாதீங்க. எம்பேரு தவமணி.”

“என்ன சொல்றாங்க?” என்றார் அந்த அம்மா.

நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. முதல் மூன்று வாக்கியம் சரியாக வந்தது. அவள் பெயரைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அந்தப் பெயரை வெட்டி எறிந்துவிட்டுத்தான் அந்த இடத்தில் என் கடையின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

அந்த அம்மா வெட்டாத படத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். தவமணி இரண்டு இடத்தில் தமிழில் கையெழுத்து வைத்தாள். தேதி முத்திரை விழுந்தது. இரண்டு ஐம்பது.

விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. விண்ணப்ப இலக்கம் போட்டுத் தந்த காகிதத்தையும், நனைத்த பிளாஸ்டிக் கொக்கிச் சாமான் ஒன்றையும் கொண்டுபோய்த் தவமணி துரைக்கு முன்னால் வைத்து, “இத ஒரு தடவ இழுத்துப் பாருங்க ஐயா” என்றாளாம். அவர் இழுத்துப் பார்த்திருக்கிறார். அந்த ஐம்பதையும் இன்னும் வாங்கவில்லை.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அவிசாவளை தாண்டியதும் நான் கேட்டேன். ஒரு வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“பழைய படத்த எடுத்துட்டுப் புதுசாப் போடட்டுமா புள்ள? உனக்குச் சம்மதமா?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் பை இருந்தது.

“போடுங்கக்கா. இந்தத் தடவ கடைசி வரைக்கும் போடுங்க.”